ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் அறிவு மேலாண்மை: எந்த வழியை முதலில் தேர்வது?

நடுத்தர அளவுள்ள ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அறிவு மேலாண்மைக்கு, அதாவது ஊழியர்கள் அறிந்ததைத் தொகுத்துத் தேவைப்படுபவருக்குக் கிடைக்கச் செய்வதற்கு, பணமும் ஆளும் ஒதுக்குவது என்று முடிவெடுத்துவிட்டால், அடுத்து எழும் கேள்வி எந்த வழியில் செல்வது என்பதுதான். இன்று பொதுவாக மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன. சுற்றறிக்கைகள், நடைமுறைக் கையேடுகள், தீர்க்கப்பட்ட சிக்கல்கள் ஆகியவற்றைத் தேடி எடுக்கக்கூடிய ஒரே களஞ்சியமாக எழுத்தில் தொகுப்பது முதல் வழி. அறிவு மனிதர்களிடம்தான் இருக்கிறது என்று கொண்டு, அனுபவசாலிகளையும் புதியவர்களையும் இணைக்கும் ஏற்பாடுகளைச் செய்வது இரண்டாவது. நிறுவனத்தின் கோப்புகள் எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் ஒப்படைத்து, ஊழியர் கேட்கும் கேள்விக்கு அதையே பதில் சொல்லச் செய்வது மூன்றாவது. மென்பொருள் விற்பவர்கள் மூன்றையும் ஒரே பொட்டலமாகத்தான் தருகிறார்கள். ஆனால் எந்த நிறுவனத்துக்கும் முதல் இரண்டு ஆண்டுகளில் கிடைக்கும் பணமும் மேலாளர்களின் கவனமும் மூன்றுக்கும் சமமாகப் போதாது என்பதால், எதை முதலில் செய்வது என்று தேர்ந்தே ஆக வேண்டும்.

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். கிளெய்ம் பிரிவில் தொடங்கி, ஒவ்வொரு விதிக்கும் தேதி எல்லை குறித்த எழுத்துக் களஞ்சியத்தை முதலில் அமைக்க வேண்டும். அதற்கு ஊற்றாக அனுபவசாலிகளைக் கொண்டுவர வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவியை இவ்விரண்டும் நிலைபெற்ற பிறகே வாங்க வேண்டும். இந்த வரிசைக்கான காரணம் ஆயுள் காப்பீட்டு ஒப்பந்தத்தின் இயல்பிலேயே இருக்கிறது.

ஒரு செல்பேசிச் சேவை நிறுவனத்தில் பத்தாண்டுக்கு முந்தைய கட்டணத் திட்டத்தின் விதிகளை இன்று யாரும் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆயுள் காப்பீட்டில் விற்பனை நின்றுபோன திட்டங்கள் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கின்றன. எல்.ஐ.சி.யின் ஜீவன் ஆனந்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் அதன் பெயரைவிட 149 என்ற எண்ணே புழக்கத்தில் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் வந்து 2013-ஆம் ஆண்டு இறுதியில் விற்பனை நிறுத்தப்பட்ட அந்தத் திட்டத்தின் இடத்தில் 2014-ல் 815-உம், 2020-ல் 915-உம், 2024 அக்டோபரில் 715-உம் வந்தன. 149-ல் 2003-ஆம் ஆண்டு 25 வருடத் தவணைக்குச் சேர்ந்தவருக்கு 2028-ல் முதிர்வுத் தொகை கிடைக்கும்; ஆனால் அடிப்படைக் காப்புத் தொகைக்கான பாதுகாப்பு அதன் பிறகும் அவர் வாழ்நாள் முழுவதும் தொடரும். அவர் 2045-ல் இறந்தால், குடும்பத்தார் கொண்டுவரும் பழைய பாண்டை, அதாவது பாலிசிப் பத்திரத்தை, கையில் வாங்கும் ஊழியர், அந்தத் திட்டத்தின் விற்பனை நின்ற நாளில் பள்ளியில் கூடச் சேராத குழந்தையாக இருந்திருக்கலாம். முதிர்வுத் தொகை கொடுத்து முடிந்துவிட்ட பாலிசி என்று எண்ணி அவர் அந்தக் குடும்பத்தைத் திருப்பி அனுப்பாமல் இருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வாக்குறுதியை அன்றைக்குப் பணியில் இருப்பவர் அறிந்திருக்கும்படி செய்வதுதான் இந்தத் துறையில் அறிவு மேலாண்மையின் முதல் கடமை.

இன்னொரு சிக்கல், விதிகள் மாறுவதும் பழைய விதிகள் முற்றிலும் மறையாமல் இருப்பதும் ஆகும். காலாவதியான பாலிசியைப் புதுப்பிக்கும் கால அளவு இதற்கு நல்ல சான்று. எல்.ஐ.சி.யின் பழைய திட்டங்களில், முதன்முதலாகச் செலுத்தத் தவறிய தவணையிலிருந்து, அதாவது அலுவலகங்களில் எஃப்.யு.பி. என்று சொல்லும் தேதியிலிருந்து, ஐந்து ஆண்டுகளுக்குள் புதுப்பிக்கலாம் என்று இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி வடிவமைக்கப்பட்டு 2014 ஜனவரி முதல் விற்கப்பட்ட திட்டங்களில் அது இரண்டு ஆண்டுகளாகச் சுருங்கியது. 2019-ஆம் ஆண்டு விதிகள் அதைச் சந்தை சாராத பாலிசிகளுக்கு மீண்டும் ஐந்தாகவும், சந்தை முதலீட்டோடு இணைந்த யூலிப் பாலிசிகளுக்கு மூன்றாகவும் ஆக்கின. 2014-க்குப் பிறகு எடுக்கப்பட்ட பாலிசிகளுக்கும் எல்.ஐ.சி. அந்தச் சலுகையை நீட்டித்தது. ஆக, 2015-ல் எடுத்து 2016-ல் தவணை நின்றுபோன, சந்தை சாராத எண்டோமெண்ட் பாலிசி ஒன்றை 2019 தொடக்கத்தில் புதுப்பிக்க இயலாது என்று சொன்ன அலுவலகம், 2020-ல் அதே பாலிசியை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். பழைய பதிலை மனப்பாடமாக வைத்திருந்த ஊழியர் ஒருவர் அந்தக் குடும்பத்தின் காப்பீட்டையே இல்லாமல் ஆக்கியிருக்க முடியும்.

காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவும் இத்தகையதே. தகவலை மறைத்தார் என்று காரணம் காட்டி பாலிசியைக் கேள்விக்கு உட்படுத்த முன்பு இரண்டு ஆண்டு எல்லை இருந்தது. அதற்குப் பிறகும் மோசடி என்று நிறுவினால் நிறுவனத்துக்கு வழி இருந்தது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் எல்லை மூன்று ஆண்டுகள். அது கடந்துவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி எழுப்ப முடியாது. தற்கொலை விதியிலும் தலைமுறை வேறுபாடு உண்டு. பழைய பாலிசிகளில் முதல் ஆண்டுக்குள் அப்படி நேர்ந்தால் ஒப்பந்தமே செல்லாது. 2014-க்குப் பிந்தைய திட்டங்களில் செலுத்திய பிரீமியத்தில் 80 விழுக்காடாவது நியமனதாரருக்கு (நாமினிக்கு) திரும்பக் கிடைக்கும்.

இவற்றிலிருந்து மூன்று வழிகளையும் அளக்க ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எந்தத் தேதியில் தொடங்கிய பாலிசிக்கு, எந்தத் தேதியில் நடந்த நிகழ்வுக்கு, எந்த விதி பொருந்தும் என்ற கேள்விக்கு எந்த வழி பிழையில்லாமல் பதில் சொல்லும்? அந்தப் பதிலை அளிப்பவர் ஓய்வுபெற்ற பிறகும் அது கிடைக்குமா?

எழுத்துக் களஞ்சியம்

எந்த ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துக்குப் பஞ்சமில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பாலிசிக்கும் உரிய கோப்பான டாக்கெட்டுகள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. இதையே அறிவு மேலாண்மை என்று கருதிக்கொள்ளும் மேலாளர்கள் உண்டு. ஆனால் டாக்கெட் ஒரு பாலிசியில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லும். ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்பதையோ, அடுத்து அதே போன்ற ஒன்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையோ சொல்லாது. சுற்றறிக்கைக் குவியலின் நிலையும் இதுதான். முந்தைய இன்ன சுற்றறிக்கையின் நான்காம் பத்தி இவ்வாறு திருத்தப்படுகிறது என்று வரும் அறிக்கையைப் படிப்பவர், அந்த முந்தைய அறிக்கையைத் தேட வேண்டும். அது இன்னொன்றைச் சுட்டும். அது எவருடைய மேசை இழுப்பறையிலோ இருக்கும்.

உண்மையான களஞ்சியம் என்பது ஊழியர் கேட்கும் கேள்வியை அலகாகக் கொண்டது. காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்ட பாலிசியில், புதுப்பித்த மூன்று ஆண்டுகளுக்குள் இறப்பு நேர்ந்தால் என்ன செய்வது என்ற ஒரு பதிவை நினைத்துப் பாருங்கள். அதில் முதல் வரியிலேயே சுருக்கமான பதில் இருக்க வேண்டும். அடுத்து, இந்தப் பதில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை நேர்ந்த இறப்புகளுக்குப் பொருந்தும் என்ற எல்லை. பிறகு அதற்கு ஆதாரமான சட்டப் பிரிவு, சுற்றறிக்கை எண். அதன் பின், புதுப்பித்தபோது கொடுத்த உடல்நல அறிக்கையான 680 படிவத்தில் எந்தக் கேள்விகளைப் பார்க்க வேண்டும், கிளெய்ம் கேட்பவர் தரும் 3783 படிவத்துடன் எந்தெந்த மருத்துவமனை ஆவணங்களைக் கேட்க வேண்டும், எவற்றைக் கேட்கவே கூடாது என்ற குறிப்பு. அதற்குக் கீழே, பெயர் நீக்கப்பட்ட ஒரு தீர்ந்த கோப்பின் சுருக்கம். கடைசியாக, இந்தப் பதிவுக்குப் பொறுப்பான அதிகாரியின் பதவியும் அடுத்த மறுஆய்வுத் தேதியும். இப்படி நன்கு எழுதப்பட்ட முந்நூறு பதிவுகள், ஒழுங்கின்றி ஏற்றப்பட்ட முப்பதாயிரம் கோப்புகளைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த வழியின் பெரிய வலிமை, தேதி அளவுகோலை இதனால்தான் நேரடியாக நிறைவேற்ற முடியும் என்பது. பழைய விதியை அழிக்காமல் அதற்கு முடிவுத் தேதி மட்டும் இட்டு வைத்தால் போதும். நிறுவனங்கள் இணையும்போது இந்த வலிமை இன்னும் தெளிவாகத் தெரியும். 2001-ல் ஐ.என்.ஜி. வைஸ்யா என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2014-ல் எக்சைட் லைஃப் ஆனது. 2022 அக்டோபரில் எச்.டி.எஃப்.சி. லைஃப் உடன் இணைந்தது. 2023 ஜூனில் ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவால் சகாரா இந்தியா லைஃப் நிறுவனத்தின் ஏறத்தாழ இரண்டு லட்சம் பாலிசிகள் எஸ்.பி.ஐ. லைஃப் பொறுப்புக்கு மாறின. இத்தகைய மாற்றங்களில் பாலிசித் தரவு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். அந்தத் திட்டங்களை வடிவமைத்தவர்களும் அவற்றின் நுணுக்கங்களை அறிந்த கிளை ஊழியர்களும் கூடவே வருவார்கள் என்ற உறுதி எதுவும் இல்லை. எழுதி வைத்தது மட்டுமே ஏற்பவரின் கைக்கு நிச்சயமாக வந்து சேரும்.

இதன் குறை, காப்பாளர் இல்லாத களஞ்சியம் விரைவில் நம்பகம் இழந்துவிடும் என்பது. ஒருமுறை தேடி, காலம் கடந்த பதில் கிடைத்த ஊழியர் இரண்டாம் முறை அதைத் திறக்க மாட்டார். பக்கத்து மேசைக்காரரைத்தான் கேட்பார். ஆகவே இந்த வழியின் உண்மையான செலவு மென்பொருளில் இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் அனுபவமும் எழுத்துத் திறனும் உள்ள ஒருவரை வேறு இலக்குகள் இல்லாமல் இந்தப் பணிக்கே விடுவிப்பதில்தான் செலவு இருக்கிறது. அந்தச் செலவை ஏற்க மறுக்கும் நிறுவனம் இந்த வழியைத் தொடாமலே இருப்பது நல்லது. மென்பொருளைச் சொந்தமாக எழுதுவதா, வாங்குவதா என்பது இதனோடு ஒப்பிடச் சிறிய முடிவு. தேதி எல்லையைக் கட்டாயப் புலமாக வைக்கவும், உள்ளடக்கம் முழுவதையும் பிற்காலத்தில் வேறு அமைப்புக்கு எடுத்துச் செல்லவும் இடம் தரும் எதுவும் போதும்.

மனிதர்களின் வலையமைப்பு

எழுத்தால் எட்ட முடியாத அறிவு இந்தத் துறையில் நிறைய உண்டு. தமிழ்நாட்டுக் கிளை ஒன்றின் சேவை மேசையில் அடிக்கடி வரும் சிக்கலைப் பாருங்கள். பாண்டில் பெயர் கே. முருகேசன் என்று இருக்கும். ஆதாரில் முருகேசன் கருப்பையா என்று தந்தை பெயர் விரிந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் முருகேசன் கே என்று தலைப்பெழுத்து பின்னால் போயிருக்கும். இறப்புச் சான்றிதழிலோ வெறும் முருகேசன். நான்கும் ஒருவரே என்பது அந்த ஊரில் பத்தாண்டு பணியாற்றியவருக்கு ஒரு பார்வையில் தெரியும்; எந்த ஒரு ஆவணத்தைக் கூடுதலாக வாங்கினால் தணிக்கையிலும் சிக்கல் வராது என்பதும் தெரியும். குடும்பப் பெயர் வழக்கத்தை மனத்தில் கொண்டு மும்பையில் எழுதப்படும் சுற்றறிக்கை இந்த நான்கு வடிவங்களை எதிர்பார்த்திருக்காது. இத்தகைய அறிவு கிளையிலிருந்து மேலே போக வேண்டியது. அதற்கு வழி செய்யும் ஏற்பாடு பெரும்பாலான நிறுவனங்களில் இல்லை.

முன்மொழிவை ஏற்பதா, எவ்வளவு பிரீமியத்துக்கு ஏற்பது என்று முடிவெடுக்கும் அண்டர்ரைட்டிங் பிரிவில் இது இன்னும் ஆழமாகச் செல்கிறது. சர்க்கரை அளவு இவ்வளவு, ரத்த அழுத்தம் இவ்வளவு என்றால் எவ்வளவு கூடுதல் பிரீமியம் என்பதற்கு மறுகாப்பீட்டு நிறுவனங்களின் கையேடுகள் இருக்கின்றன. வருமானமில்லாத வயது முதிர்ந்த தாயின் பேரில் மகன் பெரிய தொகைக்கு முன்மொழிவு கொடுக்கும்போது, 300 படிவத்தின் எல்லாக் கட்டங்களும் ஒழுங்காக நிரம்பியிருந்தும், இதில் ஏதோ சரியில்லை என்று நின்று பார்க்கும் உணர்வுக்குக் கையேடு இல்லை. அது மூத்தவரின் பக்கத்தில் அமர்ந்து, நூற்றுக்கணக்கான முன்மொழிவுகளை அவர் எப்படிப் படிக்கிறார் என்று பார்த்து வருவது. வாரம் ஒருமுறை சிக்கலான நான்கைந்து கோப்புகளை வைத்து மூத்தவர்களும் இளையவர்களும் ஒன்றாக விவாதிக்கும் கூட்டம், எந்த வகைச் சிக்கலுக்கு யாரைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்ற பட்டியல், ஓய்வுபெறும் ஆண்டில் ஒருவரின் இலக்குகளைக் குறைத்து அவரைப் பயிற்றுநராக அமர்த்துவது ஆகியவை இந்த வழியின் கருவிகள். கடைசி மாதத்தில் அழைத்து உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பது பயன் தராது. தனக்கு என்னென்ன தெரியும் என்பது அவருக்கே கோப்பு முன்னால் வரும்போதுதான் நினைவுக்கு வரும்.

மனிதர்களிடம் உள்ள அறிவைச் சொத்தாகக் கருத வேண்டும் என்ற எண்ணத்துக்கு உலக அளவில் முன்னோடியாக இருந்ததும் ஒரு காப்பீட்டு நிறுவனம்தான். சுவீடனின் ஸ்காண்டியா 1991-ல் லைஃப் எட்வின்சன் என்பவரை அறிவுசார் மூலதனத்துக்கான இயக்குநராக நியமித்தது. 1990-களின் நடுவில் நிதி ஆண்டறிக்கையோடு அறிவுசார் மூலதனத்துக்கெனத் தனி இணைப்பையே வெளியிட்டது. ஊழியரின் திறன், வாடிக்கையாளர் உறவு, உள் நடைமுறைகள் ஆகியவற்றை எண்களாக்கிக் காட்டிய அந்த முயற்சி பெரிதும் பேசப்பட்டது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மேல்மட்டத்தில் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்றார் என்பது. எண்களை அப்படியே பின்பற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பயிற்சி நாள்களை எண்ணுவதால் கிளெய்ம் மேசையில் சொல்லப்படும் பதில் சரியாகிவிடாது.

இந்த வழியை முதன்மையாகக் கொள்ள என்னைத் தயங்க வைப்பது இதன் ஒரு தீய விளைவு. வாய்வழியாகப் பரவும் அறிவோடு வாய்வழியாகப் பிழையும் பரவுகிறது. செல்லத்தக்க நியமனம் பதிவாகியிருக்கும் பாலிசியில், காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி தொகையைப் பெறும் தகுதி நியமனதாரருக்கு உண்டு. சாதாரணமாக வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை. ஆனாலும் எதற்கும் வாங்கி வைத்துக்கொள்வோம் என்று யாரோ ஒரு மூத்தவர் எப்போதோ சொன்னது ஒரு கிளையின் நடைமுறையாகவே மாறிவிட முடியும். அதன் விலையைக் கொடுப்பது கணவனை இழந்த பெண். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர் நடக்கும் ஒவ்வொரு நடையும் நிறுவனத்தின் அறிவுக் குறைபாட்டால் நேர்வது. பக்கத்து மாவட்டக் கிளையில் அதே கிளெய்ம் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியவும் வாய்ப்பில்லை. எழுத்தில் ஒரே பதில் இருந்தால் அவர் அதைக் காட்டிக் கேட்கவாவது முடியும்.

இடமாற்றமும் ஆள் வெளியேற்றமும் அடுத்த குறை. பொதுத்துறையில் மாற்றல் உத்தரவு ஒன்றில் கிளையின் நினைவே இடம்பெயர்ந்துவிடும். தனியார் துறையில் ஊழியர் விலகல் அதிகம். முகவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. எல்.ஐ.சி.க்கு மட்டும் 14 லட்சத்துக்கு மேல் முகவர்கள் இருக்கிறார்கள். பாலிசிதாரரின் வீடு எங்கே மாறியது, எந்த மகளுக்குத் திருமணம் நெருங்குகிறது, எந்த மாதத்தில் தவணை கட்டக் கை வறளும் என்பதெல்லாம் முகவருக்குத்தான் தெரியும். அவர் விலகியதும் அந்தப் பாலிசிகள் கவனிக்க முகவர் இல்லாத ஆர்ஃபன் பாலிசிகள் ஆகிவிடுகின்றன, கேட்பாரில்லாமல் காலாவதியாகின்றன. அறிவு மேலாண்மைத் திட்டங்கள் அலுவலகச் சுவருக்குள்ளேயே நின்றுவிடுவது பெரிய குறை என்று கருதுகிறேன். ஆனால் முகவரின் வருமானமே அந்த அறிவைச் சார்ந்திருக்கும்போது, அதை நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ளச் சொல்வதற்கு முன் அவருடைய புதுப்பிப்புக் கமிஷனுக்கு உறுதி அளித்தாக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி

ஜப்பானின் ஃபுகோகு மியூச்சுவல் லைஃப் நிறுவனம் 2017-ஆம் ஆண்டு தொடக்கத்தில், மருத்துவ ஆவணங்களைப் படித்து வழங்கவேண்டிய தொகையைக் கணக்கிட ஐ.பி.எம். வாட்சன் அமைப்பைக் கொண்டுவந்து, அந்தப் பிரிவில் 34 பணியிடங்களைக் குறைத்தது. ஏறத்தாழ 20 கோடி யென் செலவில் நிறுவி, ஆண்டுக்கு 14 கோடி யென் அளவுக்குச் சம்பளச் செலவைக் குறைப்பது அதன் கணக்கு. இறுதி ஒப்புதல் ஊழியரிடமே இருந்தது. இந்தச் செய்தியைக் காட்டித்தான் நம் நாட்டிலும் பல இயக்குநர் குழுக்களிடம் இந்த வழி விற்கப்படுகிறது. அங்கே நடந்தது வரையறுக்கப்பட்ட ஒரு பணி என்பதைக் கவனிக்க வேண்டும்: மருத்துவமனைச் சான்றைப் படித்து, தங்கிய நாள்களையும் அறுவைச் சிகிச்சையையும் கணக்கிட்டு, தொகையைக் காட்டுவது. நிறுவனத்தின் அறிவு முழுவதற்கும் வாயாக இருப்பது முற்றிலும் வேறு பணி.

இந்தக் கருவியின் பயன்களை மறுக்க முடியாது. ஊழியர் சரியான கலைச்சொல்லை அறியாமல் தேடினாலும் உரிய பதிவு கிடைக்கும். சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருந்தாலும் தமிழில் கேட்டுத் தமிழில் விளக்கம் பெறலாம். மேசையின் மறுபுறம் அமர்ந்திருப்பவருக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதால் இது சிறிய நன்மை அன்று. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை என்று ஆனபோது வந்தது போன்ற கேள்விகளின் வெள்ளத்தைக் கருவியால் எளிதாகத் தாங்க முடியும்.

ஆனால் நம் தேதி அளவுகோலை வைத்தால் மூன்று வழிகளில் இதுவே மிகவும் பின்தங்குகிறது. ஒழுங்குபடுத்தப்படாத சுற்றறிக்கைக் குவியலை உண்ட கருவிக்கு, புதுப்பிக்கும் காலம் ஐந்தாண்டு என்ற பதிலும் இரண்டாண்டு என்ற பதிலும் ஒரே மதிப்புடையவை. இரண்டையும் கலந்து, தயக்கமே இல்லாத மொழியில் அது ஒரு பதிலைத் தரும். பக்கத்து மேசைக்காரர் தவறாகச் சொன்னால் அவருடைய குரலில் ஐயம் தெரியும். கருவியின் எழுத்தில் அது தெரியாது. ஒரு கிளையில் நேரும் பிழை ஒரே நாளில் எல்லாக் கிளைகளிலும் நேரும். மேலும் கிளெய்ம் கோப்புகளில் இறந்தவரின் மருத்துவ வரலாறும் குடும்பத்தின் வங்கி விவரமும் இருக்கின்றன. தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் தனிச் சட்டமே வந்திருக்கும் நிலையில், அவற்றை வெளியார் ஒருவரின் கருவிக்குள் செலுத்துமுன் சட்டப் பிரிவின் ஒப்புதல் இன்றியமையாதது. தேதி எல்லையும் பொறுப்பாளரும் உள்ள பதிவுகளை மட்டும் இந்தக் கருவிக்குக் கொடுத்து, ஒவ்வொரு பதிலோடும் பதிவின் எண்ணைக் காட்டச் செய்தால் இந்த இடர்களில் பெரும்பகுதி நீங்கும். அதற்கு அந்தப் பதிவுகள் முதலில் இருக்க வேண்டும். முதல் வழிக்கு மாற்றாக மூன்றாவது வழியை வாங்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்தப் பிரிவுக்கு எது, எங்கே தொடங்குவது

அண்டர்ரைட்டிங் பிரிவுக்கு மனிதர் வழியே முதன்மையாக இருக்கட்டும். எழுத்து அங்கே துணைதான். புதிய வணிகத்துக்கும் பயிற்சிக்கும் இப்போதுள்ள பாடங்களே பெருமளவு போதும். பாலிசி சேவையும் கிளெய்மும் எழுத்துக் களஞ்சியத்துக்கு உரியவை. இரண்டில் கிளெய்மை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், அங்கேதான் தவறின் விலை மிகப் பெரிது, காலக்கெடுவும் இறுகியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளுக்குப் பிறகு, விசாரணை தேவைப்படாத இறப்புக் கிளெய்முக்கு 15 நாள்கள், விசாரணை தேவைப்பட்டால் 45 நாள்கள். முன்பு 30 நாள்கள், விசாரணைக்கு மட்டுமே 90 நாள்கள் என்ற எல்லைகளோடு பழகிய அலுவலகத்துக்கு, யாரிடம் கேட்பது என்று தேடித் திரிய இனி நேரம் இல்லை.

ஆயுள் காப்பீட்டுத் துறைக்கு அறிவைத் தொகுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1693-ல் எட்மண்ட் ஹேலி பிரெஸ்லாவ் நகரின் இறப்புப் பதிவுகளை அட்டவணையாக்கியது முதல், இன்று பயன்பாட்டில் உள்ள 2012–14 இந்திய இறப்பு அட்டவணை வரை, பல்லாயிரம் தனித்தனி இறப்புகளை ஒரே பக்க எண்களாக்கும் கலையின் மேல்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. எத்தனை பேர் எந்த வயதில் இறப்பார்கள் என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தொகுத்த நிறுவனங்கள், ஒவ்வொரு இறப்புக்குப் பின்னும் தாங்கள் எடுத்த முடிவுகளை அதே அக்கறையோடு தொகுக்கவில்லை. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனின் தீர்ப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். 50 லட்சம் ரூபாய் வரையிலான முறையீடுகளை அவர் விசாரிக்கிறார். அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நிறுவனத்துக்கு எதிராக வரும் ஒவ்வொரு தீர்ப்பும் எந்தக் கேள்விக்கு எந்த மேசையில் தவறான பதில் சொல்லப்பட்டது என்பதற்கான எழுத்துச் சான்று. பணம் கொடுத்துக் கோப்பை மூடியதும் சட்டப் பிரிவின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பின் சுருக்கம் கிளெய்ம் மறுக்கப்பட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். களஞ்சியத்தின் முதல் நூறு பதிவுகளை இந்தத் தீர்ப்புகளிலிருந்தும் வாரக் கூட்டங்களில் விவாதிக்கப்படும் கோப்புகளிலிருந்தும் எடுக்கப் பரிந்துரைக்கிறேன்.

ஐ.எஸ்.ஓ. 30401 என்ற அறிவு மேலாண்மைத் தரநிலை 2018-ல் வந்தது. ஓர் அமைப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சரிபார்க்க அது உதவும். சான்றிதழ் பெறுவதையே முதல் ஆண்டின் இலக்காக வைப்பது கவனத்தைச் சிதறடிக்கும். ஏற்றப்பட்ட கோப்புகளின் எண்ணிக்கையும் அளவுகோல் ஆகாது. ஒரே கேள்வி கிளைகளிலிருந்து கோட்ட அலுவலகத்துக்கு மீண்டும் மீண்டும் வருவது குறைகிறதா, கிளெய்ம்தாரரிடம் இரண்டாம் முறை ஆவணம் கேட்டு அனுப்பும் கடிதங்கள் குறைகின்றனவா, ஆம்புட்ஸ்மன் முன் நிறுவனம் தோற்கும் காரணங்களில் பழையவை திரும்ப வருகின்றனவா என்பவற்றைப் பார்த்தால் போதும். முதல் ஆண்டில் கிளெய்ம் பிரிவின் களஞ்சியமும் காப்பாளரும் வாரக் கூட்டமும். இரண்டாம் ஆண்டில் பாலிசி சேவை, கூடவே அண்டர்ரைட்டிங்கில் மூத்தவர்–இளையவர் இணை ஏற்பாடு. அதன் பின் பதிவுகளின் மேல் மட்டும் இயங்கும் செயற்கை நுண்ணறிவுத் தேடல் என்று வகுத்துக்கொள்ளலாம்.

இந்த வரிசை எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தாது. தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன, ஐந்தாறு திட்டங்களை மட்டும் விற்கும், இணையவழியிலேயே இயங்கும் நிறுவனத்துக்குப் பழைய விதிகளின் சுமை இல்லை. அது முதல் நாளிலிருந்தே தேதியிட்ட பதிவுகளை எழுதி, தேடல் கருவியையும் உடனே சேர்த்துக்கொள்ளலாம். மூத்த ஊழியர்களில் பெரும்பகுதியினர் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்வுபெறவிருக்கும் பழைய நிறுவனமோ, களஞ்சியத்தின் வடிவம் முடிவாகும் வரை காத்திருக்கக் கூடாது. அவர்கள் பணியில் இருக்கும்போதே கோப்புகளை அவர்கள் முன் வைத்து, ஒவ்வொன்றையும் அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை இளையவர் ஒருவர் உடனிருந்து எழுதும் பணியை இந்தக் காலாண்டிலேயே தொடங்கிவிட வேண்டும்; எழுதியதை ஒழுங்குபடுத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.